சம்மதத் தோப்பு

சென்னியப்பனுக்கு வாழ்நாளில் வாயில் வராத ஒரே சொல் 'வேண்டாம்'. பந்தியில் மூன்றாம் தடவை சோறு வைக்க வருகிறவரிடமும் இலையை மறைக்க மாட்டார். வாங்கி வைத்துக்கொண்டு திணறித் திணறிச் சாப்பிட்டுவிடுவார். வீடு வீடாகச் சாமான் விற்க வருகிறவர்கள் தாராபுரத்தில் இறங்கியதும் முதலில் விசாரிப்பது அவர் முகவரியைத்தான். வீட்டில் மூன்று தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரங்கள் இருந்தன. குடிப்பது என்னவோ கிணற்றுத் தண்ணீர்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அன்று காலை காங்கேயம் சாலையில் போலீஸ் நிறுத்தியது.

வண்டி தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுவது வண்டியே என்றாலும் நெடுஞ்சாலையில் உரிமையாளரின் கை ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் சென்னியப்பன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, வெளியே சுற்றும் காற்றாலைகளை வேடிக்கை பார்த்தபடி வந்தார். பின்னால் டிக்கியில் தாய்மாமன் சீர் இருந்தது. தங்கை தேன்மொழியின் குழந்தைக்குக் காது குத்து. மனைவி சுகந்தி ஒத்தாசைக்கென்று முந்தின நாளே போய்விட்டாள். போகும்போது, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, கற்கண்டு, பழம் என்று தட்டுகளை அடுக்கி மேலே சிவப்புத் துணியை மூடி, "தேனு கைல குடுக்கற வரைக்கும் இதை ஒருத்தரும் தொடப்படாது, கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவரும் "சரி" என்றிருந்தார்.

"முன்னால் காவல் சோதனைச் சாவடி. நம்மை ஓரமாக நிறுத்தச் சொல்கிறார்கள்" என்றது வண்டி. அதன் குரல் செய்தி வாசிக்கிற பெண்மணியின் குரல். சென்னியப்பன் அதோடும் மரியாதையாகத்தான் பேசுவார்.

"நிறுத்திருங்க, நிறுத்திருங்க" என்றார் பதறி. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். செருப்பைக் கழற்றிவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

சாவடியிலிருந்து வந்த எஸ்.ஐ. இளைஞர். நெஞ்சில் இசக்கிராஜ் என்று பெயர் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து முகம். கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பதைப் போல ஒரே மூச்சில் சொன்னார்: "உங்கள் வாகனத்தைச் சோதனையிட உங்கள் மனமுவந்த சம்மதத்தைக் கோருகிறேன்."

"பாருங்க சார், பாருங்க! நல்லாப் பாருங்க. உங்க வண்டின்னு நெனச்சுக்கோங்க."

டிக்கி திறக்கவில்லை. அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"சம்மதம் ஏற்கப்படவில்லை. உரிமையாளர் பயத்தில் இருக்கிறார்" என்றது வண்டி.

இசக்கிராஜ் பெருமூச்சு விட்டார். "தெரியும். எல்லாரும் இப்படித்தான்."

"பயமெல்லாம் இல்லீங்க சார். இந்த வண்டி ஏதோ தப்பாச் சொல்லுதுங்க. நான் வேணும்னா சாவி போட்டுத் தொறந்து..."

"தொறக்காது அண்ணாச்சி. போன மாசம் புதுச் சட்டம் வந்துச்சே, பேப்பர்ல பாக்கலியா? முன்னால நாங்க கேப்போம், ஜனங்க 'பாருங்க சார்'ம்பாங்க. கோர்ட்ல போயி 'அவராத்தான் தொறந்து காட்டுனாரு'ன்னு நாங்களும் சொல்லிக்கிடுவோம். ஒரு ஜட்ஜம்மா கேட்டுப்புட்டாங்க, 'லத்தியோட நிக்கவரு கேட்டு, கையைக் கட்டிட்டு நிக்கவரு சொல்லுததுக்குப் பேரு சம்மதமாவே'ன்னு. அதோட எல்லா வண்டிலயும் வந்துச்சு இந்தக் கருவி. ஸ்டீயரிங்ல உங்க உள்ளங்கையைப் பாக்கும், நாடியைப் பாக்கும். பயமில்லாம, மனசோட சொன்ன 'சரி'க்கு மட்டுந்தான் தொறக்கும்."

"அப்படிங்களா. நல்ல சட்டம்தானுங்க" என்றார் சென்னியப்பன். அவருக்கு எந்தச் சட்டமும் நல்ல சட்டம்தான். "அப்ப நான் கெளம்பலாமுங்களா? காது குத்துங்க. நான்தான் தாய்மாமன். என்ற மடிலதான் கொழந்தைய உக்கார வெக்கோணும்."

"எப்படிக் கெளம்புவிய? நீங்க 'பாரு'ன்னுட்டிய. வண்டி 'இல்ல'ங்கு. காரியம் நடுவுல தொங்குது. பயம் தெளிஞ்ச பெறகு மறுபடி சொல்லணும். அதுவரைக்கும் அந்தா, தோப்புல நிப்பாட்டிக்கிடுங்க."

"வேற வழி இல்லீங்களா?"

இசக்கிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இருக்கு. ஆனா நான் சொல்லப்படாது. போலீஸ்காரன் பதிலை எடுத்துக் குடுத்தா அதுவும் வற்புறுத்தல்னு விதி போட்டு வச்சிருக்கான்." பிறகு சென்னியப்பனின் கண்ணை உற்றுப் பார்த்து, தலையை இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக, மெல்ல அசைத்தார். புருவத்தைத் தூக்கினார். மறுபடியும் தலையை அசைத்தார்.

சென்னியப்பனுக்கு இந்த ஜாடை நன்றாகப் புரிந்த மாதிரி இருந்தது. வலது கை சட்டைப்பைக்குப் போயிற்று.

"உங்கள் கை சட்டைப்பைக்குள் போகிறது. வெறுங்கையாக வெளியே எடுத்துவிடுவது இருவருக்கும் நல்லது" என்றது வண்டி.

இசக்கிராஜ் இரண்டடி பின்னால் குதித்தார். "அண்ணாச்சி! கொன்னுப்புடாதிய! எனக்குக் கல்யாணமாகி நாலு மாசந்தான் ஆகுது!"

*

தோப்பு என்றால் பழைய புளியந்தோப்பு. அதில் ஏற்கெனவே வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாமே 'பாருங்க சார்' என்று சொல்லிவிட்டுப் பயம் தெளியக் காத்திருக்கிறவர்களுடையவை. வட்டாரத்தில் இதற்குச் சம்மதத் தோப்பு என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒருவர் மூக்கின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். புதுமணத் தம்பதி ஒன்று, பயத்தில் ஆரம்பித்த சண்டையை இன்னும் முடிக்காமல் ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. ஒரு அம்மாள் பானையோடு வந்து 'பயம் தெளிய மோர்' என்று பலகை எழுதி வைத்திருந்தாள். வியாபாரம் நன்றாக நடந்தது, பயந்தான் தெளிந்தபாடில்லை.

பக்கத்து வண்டிக்காரர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். "நேத்து சாயங்காலத்துல இருந்து இங்கதானுங்க இருக்கறேன்" என்றார், ஏதோ விருந்துக்கு வந்திருப்பவர் போல. "தூக்கம் பரவால்லீங்க. கொசுத்தான் நெம்ப."

சென்னியப்பன் தன் வண்டிக்குள் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க," என்று வண்டியை மெதுவாகக் கேட்டார், "அந்த சார் ஏதோ வழி இருக்குதுன்னாரே. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். கேட்டால் மட்டுமே சொல்ல எனக்கு அனுமதி. நீங்கள் மறுக்கலாம். 'வேண்டாம்' என்று ஒரு சொல் போதும். உடனே புறப்படலாம்."

"போலீஸ்காரர்கிட்டயா?"

"ஆமாம்."

"வேண்டாம்னா?"

"ஆமாம்."

சென்னியப்பன் நெற்றியைத் துடைத்தார். "வேற ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

இல்லை என்றது வண்டி. சன்னல் வழியாகக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த வங்கி மேலாளர் தலையை நீட்டினார். "அந்த வழி எங்களுக்கும் தெரியுமுங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. டிக்கில ஒண்ணுமில்லாதவன் எதுக்கு வேண்டாம்ங்கறான்? வேண்டாம்னு சொன்னாலே ஏதோ இருக்குதுன்னு ஆயிருமல்லோ? நான் முப்பது வருசம் கவுரவமா வாழ்ந்தவனுங்க."

"டிக்கில என்னங்க வெச்சிருக்கறீங்க?"

"ஒரு குடை."

சற்று நேரத்தில் இசக்கிராஜே வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு புளியமர வேரில் உட்கார்ந்தார். மேலிடத்து உத்தரவாம்: பயந்தவர்களிடம் அன்பாகப் பேசிப் பயத்தைப் போக்க வேண்டுமாம். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா அண்ணாச்சி?" என்றார்.

வாழ்நாளில் எந்தப் போலீஸ்காரரும் சென்னியப்பன் வீட்டு சௌக்கியத்தை விசாரித்ததில்லை.

"நாடித் துடிப்பு கூடியிருக்கிறது" என்றது வண்டி.

இசக்கிராஜ் பல் தெரியச் சிரித்துப் பார்த்தார்.

"மேலும் கூடியிருக்கிறது. அதிகாரி சிரிப்பதைத் தவிர்க்கலாம்."

"என்னதான் செய்யச் சொல்லுதிய என்னை?" என்று இசக்கிராஜ் வண்டியைப் பார்த்துக் கத்தினார். அவர் குரல் உடைந்துதான் இருந்தது. "பத்து வண்டிக்கு ஒரு வண்டியக் கேக்கணும்னு உத்தரவு. கேட்டா எல்லாவனும் சரிங்கான். எவன் சரியும் செல்லல. இந்தத் தோப்புல இனிமே நிப்பாட்ட எடமில்ல. ஒருத்தராவது... ஒருத்தராவது..." சொல்ல வந்ததை விதி தடுக்க, வாயைப் பொத்திக்கொண்டு சாவடிக்கு நடந்தார்.

அப்போதுதான் தேன்மொழியின் அழைப்பு வந்தது. வண்டியின் ஒலிபெருக்கியில் மேளச் சத்தத்தோடு அவள் குரல் கேட்டது.

அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. இருவர் பேரிலும் இருந்த பழைய கிணற்றையும் அதைச் சுற்றிய காட்டு நிலத்தையும் விற்றுவிடலாம் என்று தேன்மொழி கேட்டாள். சென்னியப்பனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் "சரி அம்மிணி" என்றார். பத்திரம் பதிகிற அன்று காலையில் கைப்பேசியை அணைத்துவிட்டுப் பழனிக்கு மலையேறப் போய்விட்டார். தேன்மொழி புருசன் வீட்டு ஆட்களோடு பதிவு அலுவலக வாசலில் வெயிலில் நின்றாள். பிறகு அவள் கருவுற்றதும், பெண் பிறந்ததும், அதற்கு வெண்பா என்று பெயர் வைத்ததும் எல்லாம் சுகந்தி வாயிலாகத்தான் அவருக்குத் தெரியும். போன வாரந்தான் தேன்மொழி தானாகவே அழைத்தாள். "வர்றதுன்னா வாங்கண்ணா. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிப்போடுங்க. வர்றேன்னு சொல்லிட்டு வராம மட்டும் இருந்தராதீங்க." அவ்வளவுதான் பேசினாள்.

இப்போது கேட்டாள்: "எங்கண்ணா இருக்கறீங்க? மொட்டை போட்டாச்சு. ஆசாரி வந்து உக்காந்திருக்கறாரு."

"இதா வந்துட்டேன் அம்மிணி! கோயல் வாசல்லதான்!"

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"நானும் கோயல் வாசல்லதாண்ணா நிக்கறேன்" என்றாள் தேன்மொழி. குரலில் கோபம் கூட இல்லை. "நல்ல நேரம் முடியற வரைக்கும் பாக்கறேன். இல்லீனா பாப்பாவ அவ சித்தப்பன் மடில உக்கார வெச்சர்றேன். வெச்சுட்டா அப்புறம் நீங்க வரோணும்னு இல்லீங்கண்ணா. எப்பவுமே."

அழைப்பு நின்றது. சென்னியப்பன் சக்கரத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஒன்று சொல்லலாமா?" என்றது வண்டி. "நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இது சோதனை சம்பந்தப்பட்டது அல்ல."

"சொல்லுங்க."

"'பாருங்க சார்' என்றபோது உங்கள் நாடி எப்படி இருந்ததோ, தங்கையிடம் 'வந்துட்டேன்' என்றபோதும் அப்படியேதான் இருந்தது. நான் உங்களிடம் வந்து இரண்டு வருடமாகிறது. நீங்கள் சொல்லும் எல்லாச் 'சரி'யும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது."

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. கட்டின மனைவிகூட இப்படிப் பட்டவர்த்தனமாகச் சொன்னதில்லை. பிறகு டிக்கியை நினைத்துப் பார்த்தார். அந்தச் சிவப்புத் துணியை ஒரு முரட்டுக் கை விலக்கி, பட்டுப்பாவாடையை உதறி, கொலுசை ஆட்டிப் பார்ப்பது கண்ணில் தெரிந்தது. வாஸ்தவத்தில் அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லை என்பது வேறு, பிடிக்கவில்லை என்பது வேறு. இது அந்த வயதில் அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

"ஏனுங்க, வேண்டாம்னு சொல்றப்பவும் பயமில்லாம சொல்லோணுங்களா? அது என்னால ஆகாதுங்க. கை இப்பவே நடுங்குது."

"இல்லை. சோதனை சம்மதத்துக்கு மட்டுந்தான். நடுங்கிக்கொண்டே மறுத்தாலும் மறுப்பு செல்லும்."

அவர் கீழே இறங்கினார். சாவடிக்கும் தோப்புக்கும் நடுவே கொஞ்ச தூரந்தான். அதற்குள் இரண்டு தரம் வேட்டியைச் சரிசெய்தார், ஒரு தரம் திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். வங்கி மேலாளர் சன்னலை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"சார்... மன்னிச்சுக்கோணுமுங்க. தப்பா எடுத்துக்கப்படாதுங்க. நீங்க உங்க வேலையத்தான் பாக்கறீங்க, நெம்ப நல்ல மனுசருங்க நீங்க. ஆனா, வந்துங்க... டிக்கியப் பாக்க... வேண்டாமுங்க."

கடைசிச் சொல் காற்றாக வந்தது. ஆனாலும் வந்துவிட்டது. இசக்கிராஜ் அதைச் சாவடிக் கணினியில் பதிந்ததும், தோப்பில் டிக்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது. வண்டி தானாக உறுமிக்கொண்டு தோப்பை விட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றது.

இசக்கிராஜ் அவரையே பார்த்தார். பிறகு அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "இந்தச் சாவடில மொத ஆளு நீங்கதான் அண்ணாச்சி. போயிட்டு வாங்க. குழந்தைக்கு என் பேரச் சொல்லி ஒரு முத்தம் குடுங்க!"

கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தார். வங்கி மேலாளர் குடையைக் கக்கத்தில் இடுக்கியவரைப் போல விறைப்பாகச் சாவடியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். மோர்க்காரம்மாள் சென்னியப்பனின் வண்டியை முறைத்துக்கொண்டு நின்றாள்.

*

தேன்மொழி சொன்னபடி கோயில் வாசலில்தான் நின்றிருந்தாள். சென்னியப்பன் இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார்: "அம்மிணி, நீ கூப்புட்டப்ப நான் வாசல்ல இல்ல. பொய்தான் சொன்னேன். போலீஸ் நிறுத்திப்போட்டாங்க, தோப்புல இருந்தேன்."

தேன்மொழி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அண்ணனுக்கு முன்வழுக்கை விழுந்திருந்தது. கேட்கக்கூடாது என்று வைத்திருந்ததை அவள் கேட்டே விட்டாள்.

"அந்தக் கெணறு... இப்பக் கேட்டா என்னண்ணா சொல்லுவீங்க?"

வழக்கமான 'சரி அம்மிணி' அவர் தொண்டை வரைக்கும் வந்தது. அவர் அதை விழுங்கினார். "எனக்கு மனசில்ல சாமி. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. விக்க வேண்டாம்."

தேன்மொழியின் கண்ணில் பொலபொலவென்று நீர் இறங்கியது. "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்லோ? சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். மூணு வருசம் அழுக வெச்சுட்டீங்களே!" அவள் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு சீர்த் தட்டைத் தானே டிக்கியிலிருந்து எடுத்துச் சிவப்புத் துணியைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு டிக்கி தடையில்லாமல் திறந்தது.

மண்டபத்தில் மணையில் உட்கார வைத்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய வெண்பாவை அவர் மடியில் கொடுத்தார்கள். கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, நெற்றியில் ஒன்று இசக்கிராஜ் கணக்கில் கொடுத்தார். குழந்தை அண்ணாந்து இந்தப் புது மாமனை ஆராய்ந்தது. ஆசாரி கம்பியை எடுத்தார். சுற்றி நின்ற எல்லாரும் ஒரே நேரத்தில், "ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரித்தான்" என்றார்கள்.

வெண்பா கம்பியைப் பார்த்தாள். ஆசாரியைப் பார்த்தாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, பிசிறில்லாமல் சொன்னாள்: "வேணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். "கொழந்த வேண்டாம்னா உட்ருவாங்களா? குத்துங்க ஆசாரி, நேரம் போகுது" என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். சென்னியப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தார். குழந்தை நழுவாமலிருக்க அதன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அணைத்துக்கொண்டார். உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று அடித்தது.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு கையால் குழந்தையின் காதை மூடினார்.

"கொஞ்சம் பொறுங்க. பாப்பா வேண்டாங்குது."

"அதுக்கு?" என்றார் பெரியவர்.

"அவ்வளவுதானுங்க."

எந்த நல்ல நேரத்துக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாரோ, அந்த நல்ல நேரம் அவர் மடியிலேயே முடிந்துகொண்டிருந்தது. பெரியவர் தேன்மொழியைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். தேன்மொழி அண்ணன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "ஆசாரிக்கு ஒரு காப்பி கொண்டாங்க" என்றாள் சுகந்தியிடம்.

ஆசாரி காப்பி குடித்து முடித்தார். வெண்பா கற்கண்டு தின்றாள். தின்றுகொண்டே மாமனின் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சின்ன வயதில் குத்திய துளை எப்போதோ தூர்ந்துபோன காது அது. ஒரு முடிவுக்கு வந்தவளாக ஆசாரியிடம் திரும்பினாள்.

"மாமாக்குக் குத்து."

மண்டபம் மறுபடியும் சிரிப்பில் அதிர்ந்தது. ஆசாரி மட்டும் தொழில்காரர், கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரிக்காமல் கேட்டார்: "என்னங்க, குத்தட்டுங்களா?"

சென்னியப்பன் குழந்தையைப் பார்த்தார். அது கற்கண்டு ஒட்டிய வாயோடு காத்திருந்தது. கண்ணீர் காயாத முகத்தோடு தேன்மொழி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, குத்துங்க" என்றார் அவர், காதைத் திருப்பிக் காட்டி.

வெளியே மரத்தடியில் நின்ற வண்டிக்கு இது எட்டவில்லை. எட்டியிருந்தால், அவர் சொன்ன ஒரு 'சரி'யை நம்பி, அவர் வாழ்க்கையில் முதன்முதலாக, அது டிக்கியைத் திறந்திருக்கும்.